ட்ரம்ஸ் தோலில் எழுதிய பெயர்

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் பெரம்பூரில் எந்த ஆட்டோக்காரரும் வீட்டு வாசல்வரை வர ஒத்துக்கொள்ள மாட்டார். இரண்டு தெருவுக்கு ஒரு பந்தல். காலையில் கூழ் ஊற்றிய அண்டா கவிழ்ந்து கிடக்கிற இடத்திலேயே சாயங்காலம் மேடை எழும்பிவிடும். ஆறரை மணிக்கு மைக்கை ஊதிப் பார்ப்பார்கள். பிள்ளையார் பாட்டு ஒன்று, அம்மன் பாட்டு மூன்று, ஏழரைக்கு மேல் சினிமா. அந்தப் பக்கம் இருபத்திரண்டு வருஷம் வாடகைக்குக் குடியிருந்தேன். ஒரு வருஷம்கூட மேடைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்ததில்லை. மொட்டைமாடியில் நின்றபடி ‘எப்போது முடிப்பார்களோ’ என்று கடிகாரம் பார்த்த ரகம் நான்.

போன வருஷம் பெங்களூரிலிருந்து வந்த நண்பரின் மகள் கேட்டாள்: “மாமா, உங்க ஊர்ல லோக்கல் பேண்டு யார் யாரு? கேக்கணும், ஒரு லிஸ்ட் குடுங்க.” எழுத உட்கார்ந்தேன். நாலு பெயருக்கு மேல் ஓடவில்லை. ஆனால் மண்டைக்குள் சத்தம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. சாவு வீட்டு டோலக், ஆடி மேடையின் கீபோர்டு, கல்லூரிக் கலைவிழாவில் காதைக் கிழித்த கிட்டார், கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தியையும் மீறி வந்து சேர்ந்த சாக்ஸபோன். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். வாசித்தவர் யார் என்று மட்டும் தெரியாது. அவளிடம் நாளைக்குத் தருகிறேன் என்றேன். அந்த நாளை இன்னும் வரவில்லை.

ஆடி மேடையில் எனக்குத் தெரிந்த ஒரே பெயர், பேஸ் ட்ரம்மின் முன்தோலில் வளைத்து எழுதியிருக்கும் குழுவின் பெயர். அதன் கீழே தொலைபேசி எண். ஒரு குழுவின் தோலில், பழைய ஏழு இலக்க எண்ணை வெள்ளைப் பெயின்ட்டால் மறைத்து எட்டு இலக்கமாக்கி, பிறகு அதையும் அடித்துவிட்டுப் பத்து இலக்க செல்பேசி எண்ணை எழுதியிருந்தார்கள். மூன்று எண்களும் ஒன்றின்மேல் ஒன்றாக மங்கலாகத் தெரிந்தன. ஒரு குழு எத்தனை வருஷமாகத் தாக்குப்பிடித்து நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல கல்வெட்டு இல்லை. அந்தக் குழுவில்தான் ஒரு ரிதம் பேட் ஆள் இருந்தார். பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்குக் கீபோர்டுக்காரர் டோன் மாற்றுகிற அந்த இருபது விநாடியில், யாருக்காகவும் இல்லாமல், தனக்காக ஒரு அடி அடிப்பார். முதலில் டோலக் ஒலி, அடுத்து அதே அடி சட்டியின் கணகணப்பில், கடைசியில் ஒரு பறையொலியாகி நிற்கும். மொட்டைமாடியில் கடிகாரம் பார்க்கிற நான்கூட அந்த இருபது விநாடிக்குக் காதைக் கொடுத்துவிடுவேன். அதன்பிறகு பாட்டு வந்துவிடும். பாட்டில் அவர் எல்லாரையும் போலத்தான் வாசிப்பார்.

அந்த மேடையில் பெயர்களுக்குப் பஞ்சமே கிடையாது என்பதுதான் வேடிக்கை. இரவு முழுக்க மைக்கில் பெயர்தான். பந்தல் உபயம் இன்னார், கூழுக்குக் கேழ்வரகு தந்தவர் இன்னார், வட்டச் செயலாளர் வருகிறார், வந்துவிட்டார், பொன்னாடை போர்த்துகிறார்கள். நடுவில் சீட்டு வரும். ஐம்பது ரூபாய்த் தாளோடு மடித்த சீட்டில் விரும்பும் பாட்டும், விரும்புகிறவர்களின் பட்டியலும் இருக்கும். அந்தப் பட்டியலை வாசிக்கிற நேரத்தில் பாட்டே பாதி முடிந்திருக்கும். இத்தனை பெயரும் ஒலித்து ஓய்ந்த மேடையில் பேட் ஆளின் பெயரை நான் கேட்டதே இல்லை. வாசிப்பவர்களை அறிமுகப்படுத்துவதைக் கடைசிக்கு வைத்திருப்பார்கள். கடைசிவரை நான் இருந்ததில்லை.

பாடகர்களின் கதை இன்னும் விசித்திரம். மெல்லிசைக் குழுவில் ஒருவரை அவர் பெயரால் சொல்வது குறைவு. “டி.எம்.எஸ். வாய்ஸ் வந்தாச்சா?” “எஸ்.பி.பி. வாய்ஸுக்கு இன்னைக்கு வேற புரோகிராம்.” ஜானகி வாய்ஸ், யேசுதாஸ் வாய்ஸ் என்று குரல்கள்தான் வேனில் ஏறி இறங்கும். சொந்தக் குரல் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அங்கே ஒரு தொழில்திறமை. முப்பது வருஷம் இன்னொருவர் குரலாகவே வாழ்ந்து, அந்தப் பெரியவர் காலமான அன்று தெருவில் உள்ளவர்கள் இவர் வீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்த கதையை ஒரு பாடகர் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

இந்தக் குழுக்களை இளக்காரமாகப் பார்க்கிறவர்கள், நானும் உள்பட, ஒன்றை மறந்துவிடுகிறோம். எஸ்.பி. பாலசுப்ரமணியம் சினிமாவில் நிலைபெறும் நாள்களில் நடத்திய மெல்லிசைக் குழுவில் வாசித்தவர்கள்தான் இளையராஜாவும் கங்கை அமரனும். அதற்கு முன்பு அண்ணன் பாவலர் வரதராஜனோடு கட்சி மேடைகளில் பாடித் திரிந்த சகோதரர்கள். ‘அன்னக்கிளி’ 1976இல் வந்தது. அதற்கு முன்னால் அவர்கள் வாசித்த ஏதோ ஒரு கல்யாணத்தில், பந்தியில் பாயசம் போதவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த யாரோ ஒருவர், இளையராஜா கிட்டார் வாசித்ததை முதுகு காட்டியே கேட்டிருப்பார். ஏ.வி. ரமணனின் ‘மியூசியானோ’, காமேஷ்–ராஜாமணி குழு என்று ஒரு காலத்தில் குழுவின் பெயருக்காகவே முகூர்த்தத் தேதியை மாற்றியவர்கள் உண்டு என்பார்கள். அந்தப் பெருமையின் கடைசித் துளிதான் ட்ரம்ஸ் தோலில் மிச்சமிருப்பது.

கானாவை நான் கேட்டது ஜன்னல் வழியாக. பின்பக்கத் தெருவில் ஒரு சாவு. விடிந்தால் எனக்கு ஆபீஸ். இரவு பதினோரு மணிக்கு மேல் டோலக் தொடங்கியது. ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய ஜன்னலுக்குள்ளும் தாளம் வந்தது. சொற்கள் மட்டும் வெளியே நின்றுவிட்டன. ஒரு மணி நேரம் கழித்துப் புழுக்கம் தாங்காமல் திறந்தபோதுதான் வார்த்தை காதில் விழுந்தது. செத்தவர் பெயர், அவர் வேலை பார்த்த இடம், மூத்த மருமகள், சண்டை போட்டுப் பிரிந்த தம்பி, அவர் வழக்கமாக உட்காரும் டீக்கடை பெஞ்சு என்று ஒவ்வொன்றாக வந்தது. பாடுகிறவர் அந்த வீட்டுக்கு அன்றைக்குத்தான் வந்தவராக இருக்கும். யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, விவரங்களை மெட்டுக்குள் உட்காரவைத்துப் பாடுகிறார். விடியற்காலையில் பாட்டின் முடிவில் தன் பெயரையும் தன் ஏரியாவையும் சொல்லி நிறுத்தினார். தூக்கக் கலக்கத்தில் எனக்கு ஏரியா மட்டும்தான் நினைவில் நின்றது: புளியந்தோப்பு.

மரண கானா என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு; மரண கானா விஜி அந்தப் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். கானாக்காரர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். கானா உலகநாதன், கானா பாலா. கர்நாடக சங்கீதக்காரர்களுக்குப் பெயரின் முன்னால் ஊர் நிற்கும்: அரியக்குடி, செம்மங்குடி, முசிறி. ஊரை விட்டுப் பட்டணம் வந்து ஐம்பது வருஷமானாலும் ஊர் கூடவே வரும். அங்கே நிலம் இருந்தது, கோயில் இருந்தது, குரு இருந்தார். கானாக்காரருக்கு முன்னால் நிற்பது பாட்டு. துறைமுகத்துக்கும் மில்லுக்கும் ரயில்வே பட்டறைக்கும் வேலைக்கு வந்த குடும்பங்களில் பலவற்றுக்கு, விட்டுவந்த ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எதுவும் இருந்திருக்காது. அதனால்தான் பாட்டையே ஊராக்கிக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்வார்களா தெரியாது. (இன்னொரு வேடிக்கையும் உண்டு. வடசென்னையில் ‘கர்நாடிக்’ என்றால் வெகுகாலம் அது ஒரு மில்லின் பெயர். 1920இல் பக்கிங்ஹாம் மில்லோடு சேர்த்து ஒன்றாக்கினார்கள். அடுத்த வருஷமே பெரிய வேலைநிறுத்தம். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. மயிலாப்பூரில் கர்நாடிக்குக்கு ஒரு பொருள், இங்கே வேறு.)

சினிமா இந்தப் பாட்டை எடுத்துக்கொண்ட விதம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தொண்ணூறுகளில் தேவா அதற்கு ஒரு கதவைத் திறந்தார். ‘காதல் கோட்டை’யில் (1996) அவரே பாடினார். கானாவின் மெட்டும் துள்ளலும் ஊரெங்கும் போயின. புளியந்தோப்பு போகவில்லை. 2006இல் மிஷ்கினின் ‘சித்திரம் பேசுதடி’யில் மீன்களுக்குக் கல்யாணம் செய்துவைத்த பாட்டோடு கானா உலகநாதன் என்ற மனிதரே திரையில் தோன்றினார். பெயர், முகம், குரல் மூன்றும் ஒன்றாக வந்தது அபூர்வம். பா. இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ (2012) கானா பாலாவைக் கொண்டுவந்தது. அவர் வழக்கறிஞரும்கூட என்பதைச் செய்தியாளர்கள் ஏதோ அதிசயம்போல எழுதினார்கள். வக்கீல் ஒருவர் சபாவில் பாடினால் அது செய்தியே ஆகாது. சங்கீத ரசனை வக்கீல்களின் பிறப்புரிமை என்று அங்கே எப்போதோ முடிவாகிவிட்டது.

தெற்கே, கல்லூரிகள் இருக்கும் பக்கம், வேறொரு ஊர் இருந்தது. அங்கே பேண்டுகள். பெயர்கள் எல்லாம் இங்கிலீஷில்: ‘ரூட்ஸ்’, ‘நெமிசிஸ் அவென்யூ’, பின்னால் வந்த ‘ஜங்க்யார்டு குரூவ்’. ‘ரூட்ஸ்’ குழுவில் கீபோர்டு வாசித்த பையன் ஏ.ஆர். ரஹ்மான் ஆனது ‘ரோஜா’வோடு (1992). ட்ரம்ஸ் வாசித்தவர் சிவமணி. அந்தப் பேண்டுகளுக்கு எந்த நிகழ்ச்சியில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதெல்லாம் எனக்கு முக்கியமில்லை. நான் நினைத்துக்கொள்வது ஒரு கேசட் அட்டையை. அதுவரை சினிமாப் பாட்டுக் கேசட்டில் இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் என்று மூன்று பெயர் இருந்தால் அதிகம். புல்லாங்குழல் யார், பேஸ் கிட்டார் யார் என்று கேட்டால் பைத்தியம் என்பார்கள். ரஹ்மான் ஆல்பங்களின் உள்தாளில் வாசித்தவர்களின் பெயர்கள் அச்சாகி வரத் தொடங்கின. புல்லாங்குழல் நவீன், பேஸ் கிட்டார் கீத் பீட்டர்ஸ் என்று நான் முதல்முறையாக ஒரு வாத்தியத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆளின் பெயரைப் படித்தது அங்கேதான். மேடையில் பேண்டில் நின்று வாசித்தவனுக்குத்தான் பக்கத்தில் நிற்கிறவனுக்கும் பெயர் உண்டு என்று தோன்றியிருக்கும். சி.டி. வந்து, பிறகு போன் வந்து, அந்தத் தாளே ஒழிந்துவிட்டது. இன்று போனில் ஒரு பாட்டைத் தட்டினால் மறுபடியும் அந்த மூன்று பெயர்தான்.

பேண்டுகளின் பெயரும் மெதுவாக மாறியது. ‘லா பொங்கல்’ என்று பாதிக் கிண்டலாக ஒன்று. ஆண்டனி தாசனின் குரலில் தஞ்சாவூர்த் தெருப்பாட்டு அதில் கிட்டாரோடு உட்கார்ந்தது. ‘குரங்கன்’ என்று இன்னொன்று. கபேர் வாசுகியும் டென்மாவும். ‘ஊர்கா’. இங்கிலீஷ் பெயர் வைத்தால்தான் பேண்டு என்ற கூச்சம் விட்டுப்போயிற்று. கபேர் வாசுகி தமிழில் எழுதியது பேச்சுத் தமிழ், அதிலும் பட்டணத்துத் தமிழ். எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி 2017 ஜனவரியில் வந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ அவர் எழுதி, கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடியது. அந்தத் தமிழ் ராகமாலிகைக்குள் உட்கார்ந்தபோது சில ரசிகர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. எனக்கு அது பிடித்தது. பாட்டைவிட, ‘புறம்போக்கு’ என்ற வசைச்சொல் அதன் பழைய பொருளுக்கு, எல்லாருக்கும் பொதுவான நிலம் என்ற பொருளுக்குத் திரும்பியது பிடித்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழாவுக்கும் போயிருக்கிறேன். கடற்கரை மணலில் வயலினும் பறையும் ஒரே மேடையில். நல்ல காரியம்தான். ஆனாலும் ஓர் உறுத்தல் இருந்தது. குப்பத்துக்குக் கச்சேரியைக் கொண்டுபோனார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. குப்பத்தில் முன்பே என்ன பாட்டு இருந்தது என்று அதிகம் பேர் கேட்கவில்லை.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடை ஏறியது. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து தேடிப் பிடித்த பத்தொன்பது பேர். அயோத்திதாசப் பண்டிதர் எடுத்தாண்ட ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். டோலக், சட்டி, கட்ட மோளம், பறை. அவற்றுக்குப் பக்கத்திலேயே கிட்டார், ட்ரம்ஸ், கீபோர்டு. பாடுகிறவர்களில் ஒரே ஒரு பெண், இராயபுரத்து இசைவாணி. சட்டியில் முதல் அடி விழுந்ததும் எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. பின்பக்கத் தெருவில் நான் ஜன்னலைச் சாத்திய அதே அடி. அந்த அடிக்காக இப்போது அண்ணா நகர் ரவுண்டானா நெரிசலைத் தாண்டி, வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்து, மைதானத்தின் கடைசியில் எக்கி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் நின்ற இளைஞர் கூட்டம் மேடையில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. டோலக் வாசிப்பவரைக்கூட. அவர்களுக்கு அந்த இரவில் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இருக்கவில்லை. மைதானத்தில் எதையோ கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப்போல எக்கி நின்றவர்கள்தான்.

அதற்குப் பிறகு நடந்ததும் பெயரைப் பற்றியதுதான். அந்தக் குழுவிலிருந்து வந்த அறிவு, இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு 2019இல் ‘தெருக்குரல்’ வெளியிட்டார். 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகம் சுற்றியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவர் பாட்டி வள்ளியம்மாளின் பெயரும் பாட்டோடு சுற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் அந்தப் பாட்டைச் சொல்லும்போது அறிவின் படம் இல்லை. கண்டனம் எழுந்தபிறகு அவருக்குத் தனி அட்டை போட்டார்கள். அடுத்த ஆண்டு சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது. அறிவு மேடையில் இல்லை. பாட்டை யார் எழுதினார், யார் மெட்டமைத்தார், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சம்பந்தப்பட்டவர்கள் ஆளுக்கொரு பக்கம் பொதுவெளியில் எழுதினார்கள். நான் அதில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அவர் பெயர் இல்லை என்று ஊரே கவனித்ததே, அதுதான் எனக்குப் புதிது. ஆடி மேடையில் ஒரு பெயர் விட்டுப்போனால் கவனிக்க யார் இருந்தார்கள்?

இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அந்த டிசம்பரில்தான் ‘மார்கழியில் மக்களிசை’யும் தொடங்கியது. மியூசிக் அகாடமிக்குச் சொந்தமாகிப்போன மாதத்தில், அதே ஊரில், ஒப்பாரியும் கானாவும் மேடை ஏறின. கேன்டீன் எப்படி என்று யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

இதற்கிடையில் மெல்லிசைக் குழு சத்தமில்லாமல் சிறுத்துக்கொண்டே வந்தது. பன்னிரண்டு பேர் ஏறிய மேடையில் இப்போது கீபோர்டும் பேடும் இரண்டு பாடகர்களும் இருந்தால் பெரிய குழு. தபேலா, கிட்டார், ஷெனாய் எல்லாம் கீபோர்டுக்குள் போய்விட்டன. பல இடங்களில் கீபோர்டும் இல்லை. லேப்டாப்பில் மைனஸ் ட்ராக் ஓடும், அதன்மேல் பாடுவார்கள். அதுவும் கட்டுப்படியாகாத தெருவில் டி.ஜே. கொரோனா இரண்டு ஆடிகளை முழுசாக விழுங்கியது. அப்போது டெலிவரி வேலைக்குப் போன ட்ரம்மர்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று கணக்கு வைக்க ஓர் அகாடமி இல்லை.

நண்பரின் மகளுக்கு நான் தரவேண்டிய பட்டியல் அப்படியே பாக்கி இருக்கிறது. குரங்கன், ஊர்கா, கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்று எழுதிக்கொடுத்தால் வேலை முடிந்தது. போனில் தட்டினால் எல்லாம் கிடைக்கும். கிடைக்காதவர்களை என்ன செய்வது? அவள் கேட்டது ‘லோக்கல்’. பின்பக்கத் தெருவைவிட லோக்கல் எது?

போன ஆடியில் அதற்காகவே பெரம்பூர் போனேன். குடியிருப்பது இப்போது போரூரில். மெட்ரோ வேலைக்காகத் தடுத்துவைத்த தெருக்களைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர எட்டு மணி. அதே பந்தல். ட்ரம் செட்டே இல்லை. குழுவின் பெயர் பின்னால் ஃபிளெக்ஸில் இருந்தது. ஆனால் பேட் ஆள் அவர்தான். தலை நரைத்துவிட்டது, கண்ணாடி போட்டிருந்தார். முதல்முறையாக நாற்காலி போட்டு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தேன். கீபோர்டுக்காரர் டோன் மாற்றியபோது காத்திருந்தேன். வந்தது. டோலக், சட்டி, பறை. இருபது விநாடிகூட இருக்காது.

ஒன்பதே முக்காலுக்கு அறிமுகம் தொடங்கியது. முதலில் விழாக்குழுவினருக்கு நன்றி, பிறகு மின்சாரம் தந்த வீட்டுக்காரருக்கு, பிறகு பாடகர்கள். “கீபோர்டில் உங்களை மகிழ்வித்தவர்...” என்று அவர் பெயரைச் சொல்லி, அவர் ஒரு சிறு பிட் வாசித்து முடிப்பதற்குள் தெருமுனையில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. பத்து மணி. சவுண்ட் சர்வீஸ் பையன் ஆம்ப்பை அணைத்தான். பேட் ஆள் குச்சிகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டத் தொடங்கினார்.

மேடைக்குப் பின்னால் போய் நின்றேன். ஒயரைச் சுருட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

“எந்த டேட் சார்? ஆடி ஃபுல்லா பிஸி. ஆவணின்னா பாக்கலாம்.”

“புரோகிராமுக்கு இல்லைங்க. நீங்க நடுவுல வாசிச்சது... அது நல்லா இருந்துச்சு. ரொம்ப வருஷமா கேக்கறேன். பேர் தெரிஞ்சுக்கலாம்னு.”

“நடுவுலயா? பேட் செக் பண்ணுவேன் சார்” என்றார். ஒருகணம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையை நீட்டி என் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தானே எண்ணைப் போட்டுப் பெயரையும் தட்டித் திருப்பிக் கொடுத்தார். “எதுனா கல்யாணம் காதுகுத்துன்னா சொல்லுங்க சார். மறந்துடாதீங்க.” வேன் ஹாரன் அடித்தது, போய்விட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது போனை எடுத்துப் பார்த்தேன். பத்து இலக்க எண் சரியாக இருந்தது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இங்கிலீஷ் எழுத்தில், எழுத்துப் பிழையோடு, ‘பேட் பெரம்பூர்’ என்று போட்டிருந்தார்.